நாலு கிராமுக்கு நாலு ஆட்டம்

அந்த அறையில் ஏசியை அப்படி வைத்திருந்தார்கள். வெளியே டெக்சஸ் ஆகஸ்ட் வெயில். கார் கதவில் கை பட்டால் சுரீர் என்றது. உள்ளே நான் துப்பட்டாவை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரெல்லாம் ஹெல்மெட் போட்ட பையன்களின் பெரிய பெரிய படங்கள். புதுக் கார்பெட் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்து நாற்காலியில் என் மகன் ஆதவன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். பல்கலைக்கழகத்தின் விதிமுறை அதிகாரி. கால்பந்து அணிப் பையன்கள் யாரிடம் என்ன வாங்கினார்கள், யார் காரில் ஏறினார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் பெயர் இங்கே வேண்டாம், அதிகாரி என்றே சொல்கிறேன்.

அவர் கையில் நான் கொடுத்த நீல ஃபைல் இருந்தது. மூன்று வளையம் போட்டது. உள்ளே ஒன்று முதல் பதினொன்று வரை எண் ஒட்டிய பிரிப்பு அட்டைகள், முன்னால் ஒரு பொருளடக்கம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே, "இத்தனை வருஷத்தில் ஒரு பெற்றோரும் இவ்வளவு அழகாக எனக்கு எதையும் தந்ததில்லை" என்றார்.

நான் பூரித்துப்போனேன். வாயெல்லாம் பல். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

ஏழாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. அது ஒரு போட்டோ.

பெயரில் மட்டும் கால் உள்ள பந்து

புதிதாக இந்தத் தொடருக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்த ஊர் கால்பந்து நம் ஊர் கால்பந்து இல்லை. பந்து தேங்காய் மாதிரி இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். காலால் உதைப்பதற்கென்று அணியில் ஒரே ஒருவன் உண்டு. ஆட்டத்துக்கு நாலைந்து முறை உள்ளே போவான், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவான், வெளியே வந்து உட்கார்ந்துகொள்வான். கிக்கர் என்று பெயர்.

என் மகன் அந்தக் கிக்கர்.

நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தபோது எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் போல இவனும் சனிக்கிழமை காலையில் சாக்கர் என்கிற நம் ஊர்க் கால்பந்துக்குப் போனான். பிறகு என் கணவர் குமரேசனுக்கு டெக்சஸில் ரவுண்ட் ராக்குக்கு வேலை மாறியது. இந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஆட்டத்துக்கே பாதி ஊர் கிளம்பிப் போகிறது. ஒரு நாள் மைதானத்து ஓரத்தில் சும்மா உதைத்துக்கொண்டிருந்தவனைக் கோச் பார்த்துவிட்டார். அதோடு நான் போட்டுவைத்திருந்த டாக்டர் கனவு போயிற்று.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்றாவது வருடம் கடைசி நிமிடத்தில் ஒரு உதை உதைத்து ஓர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். "அடுத்த வருஷம் முழுக்க நீதான்" என்று கோச் சொல்லியிருந்தார்.

அடுத்த வருடம் என்றால் பன்னிரண்டு ஆட்டம். அதற்கு மேல் இல்லை. இவன் தொழில்முறை அணிக்கெல்லாம் போகப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். படிப்பு முடிந்தால் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவான். எட்டு வருடம் உதைத்துப் பழகியதற்கு அவனுக்குக் கிடைக்க இருந்தது அந்தப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் மட்டுமே. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று அப்போதுதான் புரியும்.

பொன்னாடை போடாமல் விடுவோமா

அந்த உதைக்குப் பிறகு வந்த பொங்கலுக்கு ஹூஸ்டனிலிருந்து நடராஜன் அண்ணா போன் பண்ணினார். அங்கே ஒரு தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். கரூர்க்காரர், எங்கள் பக்கம்.

"நம்ம பையன் அமெரிக்காக்காரன் ஆட்டத்துல ஜெயிச்சுக் குடுத்திருக்கான். ஒரு பொன்னாடை போடாம வுட்ருவமாம்மா? பையனைக் கூட்டிட்டு வா" என்றார்.

"அவன் கூச்சப்படுவாண்ணா."

"நீ கூட்டிட்டு வா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

போனோம். ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் அலுமினிய டிரேக்களில் சர்க்கரைப் பொங்கல், வடை, சாம்பார். மேடையில் என் மகன் படம் போட்ட ஆறடி பேனர். 'வெற்றித் திருமகனே வருக' என்று எழுதி இரண்டு பக்கமும் கரும்பு வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்த ஆதவன் திரும்பிக் காருக்கே போகப் பார்த்தான்.

அவனோடு அவன் நண்பன் ட்ரேயும் வந்திருந்தான். ட்ரே அந்த அணியின் நட்சத்திரம். கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிற ஆள், குரல் மட்டும் அவ்வளவு மெதுவாக இருக்கும். கிழக்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊர். அப்பா இல்லை. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை "மிஸஸ் கே" என்பான், பன்னிரண்டு வடை சாப்பிடுவான். வடைக்காகத்தான் ஹூஸ்டனுக்கும் வந்தேன் என்று அன்று சொன்னான்.

அவன் வந்தது ஒரு பெரிய கறுப்புக் காரில். ஓட்டி வந்தவர் பிராட் என்று ஒருவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல சென்ட். "விளையாட்டு நிர்வாகத்தில் இருக்கிறேன்" என்று எல்லோரிடமும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

நடராஜன் அண்ணாவுக்கு வேறு என்ன வேண்டும்? மைக்கைப் பிடித்தார். ஆதவனுக்குப் பொன்னாடை. பக்கத்தில் நின்ற ட்ரேயை விட முடியுமா? அவனுக்கும் ஒன்று. இரண்டு பேருக்குப் போட்டுவிட்டுக் கூட வந்தவரைக் கீழே உட்கார வைப்பது நம் பண்பாடு இல்லையே. "விளையாட்டுத் துறைத் தொழிலதிபர் திரு. பிராட் அவர்கள் மேடைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றார். பிராட்டுக்கும் ஒரு பச்சைப் பொன்னாடை.

பிறகு ஆதவன் கையில் ஒரு கேடயம், கூடவே ஒரு சிவப்புப் பெட்டி. ஹில்கிராஃப்ட் ரோட்டில் காந்தி பேர் வைத்த பகுதி இருக்கிறது இல்லையா, அங்கே ஒரு நகைக்கடையில் வாங்கிய நாலு கிராம் தங்கக் காசு. சங்கத்தில் தலைக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. இறங்கும்போது நடராஜன் அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பில்லையும் வெச்சுக்கம்மா. பின்னால மாத்தணும்னா கடைக்காரன் கேப்பான்" என்று மடித்துக் கொடுத்தார்.

குமரேசன் போட்டோ எடுத்தார். மூன்று பேரும் பொன்னாடையோடு. நடுவில் ட்ரே. அவன் தோளில் பிராட்டின் கை.

எழுதிப் பழகிய கை

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். அங்கே கை கழுவினால் எழுத வேண்டும். தராசைத் துடைத்தால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை வைத்து மறைத்தால் வேலை போய்விடும். ஒருத்திக்குப் போனதையே பார்த்திருக்கிறேன்.

வேலையில் அது என்றால் வீட்டில் கிரீன் கார்டு. பதினொரு வருடம் காத்திருந்தோம். எந்த வீட்டில் எத்தனை மாதம் இருந்தோம், எந்தத் தேதியில் ஊருக்குப் போய் எந்தத் தேதியில் திரும்பினோம் என்று எழுதி எழுதியே என் இளமை போயிற்று. ஒரு பதில் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்ற பயம். எங்கள் வீட்டில் ஃபாரம் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அந்த ஆகஸ்டில் ஆதவன் ஒரு ஃபாரத்தோடு வீட்டுக்கு வந்தான். அணியில் எல்லோருக்கும் கொடுப்பது. கடந்த ஒரு வருடத்தில் யாரிடமாவது பரிசு, பணம், சலுகை ஏதாவது பெற்றாயா என்று கேட்டிருந்தது. அப்போதைய விதி அது. கல்லூரிக்கு விளையாடுகிற பையன் ஆட்டத்தின் பேரால் ஒரு காசு வாங்கக் கூடாது. அவனை வைத்துப் பல்கலைக்கழகம் கோடி கோடியாக டிக்கெட் விற்கலாம், அவன் நம்பர் போட்ட சட்டையைக் கடையில் தொங்கவிடலாம். அவன் மட்டும் வாங்கக் கூடாது.

"தங்கக் காசு வாங்கினமில்ல? அதை எழுதணும்" என்றேன்.

"அம்மா, ஜஸ்ட் லீவ் இட். நோபடி ரைட்ஸ் திஸ் ஸ்டஃப்."

"யாரும் எழுதலைன்னா? நாம எழுதுவோம். நமக்கு மறைக்க என்ன இருக்கு?"

குமரேசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஒரு வரி எழுதிக் குடுத்தாப் பத்தாதா கவிதா? எதுக்கு இவ்ளோ பெரிய ஃபைல் போடற?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. உங்களை விட்டிருந்தா இன்னும் விசாவுலதான் இருந்திருப்போம்."

பொன்னாடையை எழுதினேன். கேடயத்தை எழுதினேன். அன்று சாப்பிட்ட சாப்பாட்டை எழுதினேன். காசின் எடை, தூய்மை, கடை பில்லின் நகல். சாட்சிக்கு அந்தப் போட்டோ, பெரிதாகக் கலரில் பிரிண்ட் போட்டு. பெற்ற மகனுக்கு எதிராக இதைவிடப் பக்காவாக ஒரு வழக்கை வக்கீல்கூடத் தயார் செய்திருக்க மாட்டார்.

விரல் நின்ற இடம்

அதிகாரியின் விரல் போட்டோவில் பிராட்டின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"இதில் உங்கள் மகனைத் தவிர மற்றவர்களும் இருக்கிறார்கள்" என்றார்.

"ஆமாம். இது ட்ரே, உங்களுக்கே தெரியும். இவர் பிராட். விளையாட்டுத் துறை என்று..."

"எனக்கு இவர் யார் என்று தெரியாது." என் பேச்சை அவர் வெட்டிய வேகத்தில் ஆதவனின் முழங்கால் ஆட்டம் நின்றது. "தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை, மிஸஸ் கே. இது உங்கள் மகனைப் பற்றிய ஃபைல். மற்றவர்களின் அந்தரங்கத்தை நாம் மதிக்க வேண்டும். உங்கள் மகன் மட்டும் இருக்கிற மாதிரி இந்தப் பக்கத்தை மாற்றிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்."

"வெட்டச் சொல்கிறீர்களா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை. பொருத்தமான படம் கொடுங்கள் என்கிறேன்."

பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு விளக்கினார். காசு மட்டும்தான் விஷயம் என்றால் சின்னத் தவறு. அதன் மதிப்பை ஏதாவது தர்மத்துக்குக் கொடுத்துவிடலாம், ஓர் ஆட்டம் வெளியே உட்கார வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் இப்படியே மேலே, கல்லூரி ஆட்டங்களுக்கெல்லாம் விதி போடுகிற அமைப்புக்குப் போனால் முழு விசாரணை வரும். விசாரணை முடிகிறவரை ஆதவன் ஆட முடியாது. எத்தனை மாதம் ஆகும் என்று அவராலேயே சொல்ல முடியாது.

ஓர் ஆட்டமா, பன்னிரண்டு ஆட்டமா. நான் பையனைப் பார்த்தேன். அவன் கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காருக்குள்

"யார்டா அந்த பிராட்?" பார்க்கிங்கை விட்டு வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஹி வர்க்ஸ் ஃபார் ஆன் ஏஜெண்ட்."

ஏஜெண்ட் என்றால் பையன்களைத் தொழில்முறை அணிகளில் சேர்த்துவிட்டு அவர்கள் சம்பளத்தில் பங்கு எடுக்கிறவர். கல்லூரியில் படிக்கிறவனுக்கு அவர் ஒரு காபிகூட வாங்கித் தரக் கூடாது என்றது விதி. அதனால் அவர் வர மாட்டார். பிராட் மாதிரி ஆட்களை அனுப்புவார். அவர்கள் பையனோடு சிநேகமாவார்கள், அம்மாவுக்கு உதவுவார்கள், பையன் பெரிய ஒப்பந்தம் போடுகிற நாளில் பேனாவோடு வந்து நிற்பார்கள். ட்ரேயின் அம்மாவுடைய வீட்டு வாடகையைப் பல மாதமாக பிராட்தான் கட்டிக்கொண்டிருந்தார். ஆதவனுக்குத் தெரியும். அணியில் எல்லோருக்கும் தெரியும்.

"கோச்சுக்கு?"

"அம்மா. கம் ஆன்."

"அந்தப் பொம்பளைக்கு?"

அவன் சிரித்தான். என் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் வெட்ட மாட்டேன். அப்படியே குடுக்கறேன். எல்லாத்தையும் விசாரிக்கட்டும். அவங்க யோக்கியதை ஊருக்குத் தெரியட்டும்" என்று கத்தினேன். சிக்னல் பச்சையானதுகூடத் தெரியவில்லை, பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"இஃப் தட் போட்டோ கோஸ் இன், ட்ரே இஸ் டன்" என்றான் ஆதவன். "நாட் பிராட். நாட் த கோச். ட்ரே. அவன அனுப்பிடுவாங்க. அவங்க அம்மா ஹேஸ் நோ அதர் பிளேஸ் டு கோ. பிராட் வில் பி ஃபைன். பிராட் இஸ் ஆல்வேஸ் ஃபைன்."

"அப்ப நீ?"

"ஐ டோன்ட் கேர் எபவுட் மீ. ப்ளீஸ், அம்மா. கட் இட்."

வெட்டினேன்

வீட்டுக்கு வந்ததும் குமரேசனிடம் சொன்னேன். அவர், "பையன் சொல்றதச் செய்" என்றார்.

டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்தேன். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படம் குறுகிக்கொண்டே வந்தது. முதலில் பிராட் போனார். அப்புறம் ட்ரே. ட்ரேயின் முழங்கை மட்டும் ஆதவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், அதுவும் போயிற்று. பிரிண்ட் எடுத்து, 'உண்மையான, முழுமையான நகல்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் ஆயுசில் நான் திருத்திய முதல் பத்திரம் அது.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஓர் ஆட்டம் இல்லை, நாலு ஆட்டம். 'பெற்றோரே சமர்ப்பித்த ரசீதின்படி' காசின் விலை சின்னத் தவறுக்கான வரம்பைத் தாண்டுகிறதாம். நடராஜன் அண்ணா பத்திரமாக மடித்துக் கொடுத்த அந்த பில்.

அன்றே பல்கலைக்கழகம் ஓர் அறிக்கையும் விட்டது. எங்கள் வீரர் ஒருவர் விஷயத்தில் நாங்களே தவறைக் கண்டுபிடித்தோம், நாங்களே மேலிடத்துக்குத் தெரிவித்தோம், விதியில் எங்களுக்குச் சமரசம் கிடையாது என்று. கண்டுபிடித்தார்களாம்! நான் பொருளடக்கம் போட்டுக் கையில் கொடுத்ததைக் கண்டுபிடித்தார்களாம். ஊருக்குக் காட்ட ஒரு தலை வேண்டும். டிக்கெட் விற்கிற தலையை எடுக்க முடியாது. கிக்கர் தலை, அதிலும் ஓர் இந்தியப் பையன் தலை என்றால் யாருக்கு நஷ்டம்? எங்கள் பையன் பேர் பத்திரிகையில் 'தங்கம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்தது. சில பேர் அவன் ஏதோ கடத்தல் செய்தான் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அதிகாரிக்குப் போன் போட்டேன். "ஓர் ஆட்டம் என்றுதானே சொன்னீர்கள்?"

"அப்படி நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லையே, மிஸஸ் கே."

எனக்கே அந்தப் பாடம்! வாழ்நாளெல்லாம் எழுதியே பிழைத்தவளுக்கு! போனை வைத்துவிட்டு அடுப்படியில் இருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தேன். பிரிட்ஜில் பட்டுச் சொட்டை விழுந்தது. இன்னும் இருக்கிறது.

இப்போது எல்லாம் சரியாம்

இதைப் படிக்கிற டெக்சஸ்காரர்கள், "இப்போ ரூல் மாறிடுச்சே ஆன்ட்டி" என்பீர்கள். தெரியும். ஆதவன் படிப்பை முடித்துச் சில வருடங்களில் மாறியது. இப்போது பையன்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கார் கடை விளம்பரத்தில் வருகிறார்கள், பர்கர் விளம்பரத்தில் வருகிறார்கள். வரட்டும், நன்றாகச் சம்பாதிக்கட்டும், எனக்குச் சந்தோஷம். ஆனால் நேற்று வரை தப்பு என்று எங்கள் பிள்ளையைச் சந்தியில் நிறுத்தியவர்களில் ஒருத்தராவது ஒரு வரி எழுதிப் போட்டார்களா? மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு வரி.

பழைய வீரர்களின் பெற்றோருக்கு என்று எனக்கு இப்போதும் மெயில் வரும். போன வருடம் வந்ததில் ஒரு படம் இருந்தது. பல்கலைக்கழகம் நடத்துகிற கூட்டம், வீரர்களுக்குப் பண விஷயத்தில் ஆலோசனை சொல்ல வந்திருக்கும் நிபுணர். இஸ்திரி கலையாத சட்டை. பிராட்.

ட்ரே? அந்த சீசனின் கடைசி மாதத்தில் அவன் முழங்கால் போயிற்று. அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள், பழைய வேகம் திரும்பவில்லை. பிராட் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. வாடகையும் நின்றது. அவன் அம்மா அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டில் ஒரு அறையில் இருந்தார். ட்ரே இப்போது ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், ஆதவனோடு இன்னும் பேசுகிறான். அந்தப் போட்டோ விஷயம் அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. தமிழ் படிக்க மாட்டான் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலாவது ஆட்டம்

அந்த நாலு ஆட்டத்தில் மூன்றை ஆதவன் ஹாஸ்டல் அறையில் டிவியில் பார்த்தான். நாலாவது உள்ளூர் ஆட்டம். என்னோடு ஸ்டேடியத்துக்கு வந்தான். சாதா டி-ஷர்ட், தலையில் தொப்பி. வெயில் மண்டையைப் பிளந்தது. முன் வரிசையில் யாரோ இந்த ஊர் வழக்கப்படி வெள்ளரி ஊறுகாய் ஊறிய தண்ணீரை ஜூஸ் மாதிரி குடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் புளித்த வாடை எனக்குக் குமட்டியது.

கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். ஓர் உதை போதும். ஆதவனுக்குப் பதிலாக ஆடியவன் முதல் வருடப் பையன், பதினெட்டு வயது. ஓடி வந்தான், உதைத்தான், பந்து இடது கம்பத்துக்கு வெளியே போயிற்று. எண்பதாயிரம் பேர் சேர்ந்து 'ஊ' என்றார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு தடியன் அந்தப் பையனை அசிங்க அசிங்கமாகத் திட்டினான்.

ஆதவன் எழுந்து நின்று கைதட்டினான். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறவரை தட்டிக்கொண்டே இருந்தான். சுற்றி ஒருத்தரும் தட்டவில்லை. நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில் அழுதேன். எல்லாரையும் நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது.

கூட்டம் கலைந்து பார்க்கிங்குக்கு வந்தோம். ஆதவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். தடை முடிந்து அணிக்குத் திரும்புகிறவர்கள் கொடுக்க வேண்டிய ஃபாரம், திங்கட்கிழமைக்குள் அந்த அதிகாரியிடம் போக வேண்டும். பழக்கதோஷம், நான் கையை நீட்டினேன்.

"நோ, அம்மா. ஐ வில் டூ இட்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காரின் பானெட் மேல் தாளை வைத்தான். பானெட் கொதித்தது, இடது கையைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினான். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். பேர், நம்பர், முகவரி. பரிசு ஏதாவது பெற்றாயா? இல்லை. யாராவது சாப்பாடு வாங்கித் தந்தார்களா? இல்லை. அந்த வாரம்தான் ஆஸ்டினுக்கு வந்திருந்த அவனுடைய பழைய நியூ ஜெர்சி சாக்கர் கோச் அவனுக்கு ஆறுதலாக பிரியாணி வாங்கித் தந்திருந்தார்.

கடைசிக் கேள்வி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. உன் அணியில் எவரேனும் ஏஜெண்டுடனோ ஏஜெண்டின் ஆளுடனோ தொடர்பில் இருப்பதாக உனக்குத் தெரியுமா?

பேனா நிற்கவே இல்லை. 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்துக் கீழே கையெழுத்துப் போட்டான். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சின்ன வயதில் பென்சில் பெட்டி ஒன்றை மாற்றி எடுத்து வந்துவிட்டு, திருப்பிக் கொடுக்கிறவரை சாப்பிட மாட்டேன் என்று அழுத பிள்ளை.

தாளை என்னிடம் நீட்டினான். "செக் பண்ணும்மா. கரெக்டா?"

மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை, விட்டுப்போனது இல்லை, தேதி சரியாக இருந்தது.

"கரெக்ட்டுடா" என்றேன்.